பம்பாய் 1865: பாதிக் காசு கட்டிய பங்குகளும் ஜூலை 1-ஆம் தேதியும்

பங்குச் சந்தையில் சாதாரண ஆட்கள் செய்யும் தவறுகள் என்று ஒரு பட்டியல் எல்லோருக்கும் மனப்பாடம். கடன் வாங்கிப் போடாதே. அடுத்தவன் சொன்னான் என்று வாங்காதே. கம்பெனி என்ன செய்கிறது என்று பார். எல்லாக் காசையும் ஒரே இடத்தில் போடாதே. ஒவ்வொரு தீபாவளி மலரிலும் வருகிறது. படித்தவர்களும் அதே தவறுகளைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அறிவுரை மட்டும் போதாது போலிருக்கிறது. யாராவது ஒரு ஆளின் கணக்கைப் பைசா சுத்தமாகப் போட்டுப் பார்த்தால்தான் புரியும் என்பது என் எண்ணம்.

அதற்கு நான் எடுத்துக்கொள்வது 1865-ஆம் வருஷத்துப் பம்பாய். ஹர்ஷத் மேத்தா கதை எல்லோருக்கும் தெரியும், வெப் சீரிஸே வந்துவிட்டது. அதற்கு 127 வருஷம் முன்னால் நடந்த இந்த வீழ்ச்சியை நம்மூரில் அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. ஆனால் இன்றைக்குச் செய்கிற எல்லாத் தவறுகளும் அங்கே முழு உருவத்தில் இருக்கின்றன. கூடவே, பட்டியலில் பொதுவாக இடம்பெறாத ஒன்றும் இருக்கிறது. அன்று பம்பாயில் ஷேர் வாங்கிய பெரும்பாலானோருக்குத் தாங்கள் வாங்கியது என்ன பொருள் என்றே தெரியவில்லை. சொத்து என்று நினைத்து வாங்கினார்கள். அது பாதி சொத்து, மீதி கடன்.

முதலில் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் பருத்தியில் பெரும்பகுதி அமெரிக்கத் தென் மாநிலங்களிலிருந்து போய்க்கொண்டிருந்தது. 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. வட மாநிலங்களின் கப்பற்படை தெற்கின் துறைமுகங்களை அடைத்தது. லங்காஷயரில் ஆலைகள் நின்றன, தொழிலாளர்கள் பட்டினி கிடந்தார்கள். அடுத்த பெரிய பருத்திச் சந்தை பம்பாய். குஜராத், காந்தேஷ், பேரார் பருத்தி எல்லாம் அங்கேதான் வந்து கப்பலேறும். நீளம் குறைந்த, தூசி நிறைந்த, ஆலைக்காரர்கள் முகம் சுளிக்கிற பருத்தி. வேறு வழியில்லாததால் அதையே மூன்று மடங்கு, நான்கு மடங்கு விலை கொடுத்து வாங்கினார்கள். மெத்தை, தலையணையில் இருந்த பஞ்சைக்கூடப் பிரித்து எடுத்துக் கப்பலேற்றினார்கள் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ இல்லையோ, அன்றைய மனநிலைக்கு அது பொருத்தம்தான். வழக்கமாக வருவதைவிட அதிகமாக வந்த பணம் மட்டும் போர் ஆண்டுகளில் ஏறத்தாழ 8 கோடி பவுன் என்று அந்தக் காலத்து நூல்கள் சொல்கின்றன. அன்றைய ரூபாய்க் கணக்கில் சுமார் 80 கோடி.

இந்தப் பணம் போகிறதுக்கு இடம் வேண்டாமா? ரயில்வே பங்குகள் லண்டனில். ஆலைகள் அப்போதுதான் முளைக்கத் தொடங்கியிருந்தன. நிலம், நகை, வட்டிக் கடை தவிர வேறு வழி கிடையாது. சரியாக அந்த நேரத்தில் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. இந்தியாவில் வரையறுத்த பொறுப்புள்ள கம்பெனிகளை 1857-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்தது. வங்கிகளுக்கு அந்தச் சலுகை 1860-இல் கிடைத்தது. அதாவது 'லிமிடெட்' என்ற சொல் பம்பாய்க்கு வந்து நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தச் சொல்லுக்கு மக்கள் என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கம்பெனிகள் மழைக்காளான் மாதிரி முளைத்தன. 1865 ஜனவரியில் பம்பாயில் 31 வங்கிகள், 16 நிதிக் கம்பெனிகள், கடலைத் தூர்த்து நிலம் எடுப்பதற்கென்று 8 கம்பெனிகள், 20 இன்ஷூரன்ஸ் கம்பெனிகள். 1864-இல் எடுத்த கணக்கெடுப்பில் நகரத்தின் ஜனத்தொகை 8,16,562. இத்தனை பேருக்கு 31 வங்கி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. டெபாசிட் வாங்குவது இந்த வங்கிகளின் பிரதான வேலை இல்லை. ஷேரை ஈடாக வைத்துக்கொண்டு, ஷேர் வாங்குவதற்குக் கடன் கொடுப்பதுதான் வேலை. அந்தக் கடனில் வாங்கிய ஷேரில் ஒரு பகுதி இதே வங்கிகளின் ஷேர். பாம்பு தன் வாலைத் தானே தின்கிற படம் இருக்கும் இல்லையா, அதுதான்.

கம்பெனிகளில் ராஜா, பேக் பே ரெக்ளமேஷன் கம்பெனி. பம்பாய்த் தீவின் மேற்குப் பக்கம், இன்றைக்கு மரைன் டிரைவ் இருக்கிற வளைகுடாவைத் தூர்த்து நிலமாக்குவது திட்டம். பி.பி. அண்ட் சி.ஐ. ரயில்வேக்குப் பாதை போட இடம் வேண்டும், நகரம் நெருக்கியடிக்கிறது, நிலத்துக்கு அவ்வளவு கிராக்கி. பம்பாய் அரசாங்கமே 400 பங்குகளை எடுத்துக்கொள்வதாக இருந்தது. கல்கத்தாவில் இருந்த இந்திய அரசு மறுத்துவிட்டது. அந்த 400 பங்குகளை ஏலம் விட்டார்கள். கட்ட வேண்டிய தொகை போக, பிரீமியமாக மட்டும் ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் வந்தது. ஒரு கூடை மண்கூட கடலில் விழாத நேரத்தில்! பிறகு 5,000 ரூபாய் கட்டப்பட்டிருந்த பேக் பே பங்கு 50,000 ரூபாய் வரை போனது.

எல்லாமே மோசடி என்று நினைத்துவிடக் கூடாது. பேக் பே திட்டம் நல்ல திட்டம். பம்பாய்க்கு நிலம் தேவைப்பட்டது, கடலைத் தூர்த்தால் நிலம் வரும். பிற்காலத்தில் அதே வளைகுடாவைத் தூர்த்து எடுத்த இடத்தில்தான் உலகத்திலேயே விலை உயர்ந்த கட்டடங்கள் சில நிற்கின்றன. 'கதை' நூற்றுக்கு நூறு சரி. கதை சரியாக இருந்தால் எந்த விலைக்கும் வாங்கலாம் என்று நினைத்ததுதான் பிசகு. இப்போது மின்சார வாகனம், ஏஐ என்று பேசும்போதெல்லாம் எனக்கு இந்தப் பேக் பே ஞாபகம் வரும். துறை வளரும், சந்தேகமே இல்லை. நீங்கள் கொடுக்கிற விலைக்கு அது வளருமா, நீங்கள் காத்திருக்க முடிகிற காலத்துக்குள் வளருமா என்பது வேறு கேள்வி.

இந்த ஆட்டத்தின் நடுநாயகம் பிரேம்சந்த் ராய்சந்த். 1831-இல் சூரத்தில் பிறந்த ஜைனர், பருத்தி, பங்குத் தரகர். அபாரமான நினைவாற்றலும் துணிச்சலும் உள்ளவர். புதுக் கம்பெனி தொடங்குகிறவர்கள் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போவார்கள். அவர் பெயர் இருந்தால் ஷேர் விற்றுப்போகும். எந்தக் கம்பெனியில் யாருக்கு எத்தனை பங்கு ஒதுக்குவது என்பதும் அவர் கையில். ஒதுக்கீடு கிடைத்தாலே லாபம். சந்தைக்கு வரும் முன்பே பிரீமியம் ஓடிக்கொண்டிருக்கும். (இன்றைக்கு 'கிரே மார்க்கெட் பிரீமியம்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதன் கொள்ளுத் தாத்தா.) வணிகர்கள் மட்டும் இல்லை. அரசு அதிகாரிகள், டாக்டர்கள், வக்கீல்கள், குமாஸ்தாக்கள் எல்லோரும் அவர் வீட்டு வாசலில். பெரிய அறிஞரும் மருத்துவருமான பாவ் தாஜி இதில் பெருமளவு இழந்தவர்களில் ஒருவர். பம்பாயில் இன்று ஒரு மியூசியம் அவர் பெயரில் இருக்கிறது. படித்தவர் ஏமாறமாட்டார் என்று யாரும் நம்ப வேண்டாம்.

தின்ஷா வாச்சா, பிற்காலத்தில் காங்கிரஸ் தலைவராக இருந்தவர், அப்போது இருபது வயது இளைஞர். 1910-இல் அந்தக் காலத்தைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே எழுதினார். ஆர்வம் இருப்பவர்கள் தேடிப் படிக்கலாம்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம்.

அந்தக் காலத்தில் ஒரு பங்கின் முகமதிப்பு முழுவதையும் முதலிலேயே வாங்கமாட்டார்கள். 500 ரூபாய்ப் பங்கு என்றால் இப்போது 100 கட்டு, மீதி 400 கம்பெனி கேட்கும்போது கட்டு. இதற்கு 'கால்' என்று பெயர், தமிழில் அழைப்புத் தொகை என்று சொல்கிறோம். கம்பெனி வேலை நடக்க நடக்க பணம் கேட்பது நியாயம்தானே என்று தோன்றும். நியாயம்தான். ஆனால் சட்டப்படி இதன் அர்த்தம், அந்த 400 ரூபாய் நீங்கள் கம்பெனிக்குப் பட்டிருக்கும் கடன். 'லிமிடெட்' என்றால் பொறுப்புக்கு வரம்பு உண்டு என்றுதான் பொருள். அந்த வரம்பு நீங்கள் கட்டிய 100 இல்லை, முகமதிப்பான 500. கம்பெனி திவாலாகி லிக்விடேட்டர் வந்தால், கடன்காரர்களுக்குக் கொடுப்பதற்காக அவர் முதலில் தட்டுவது உங்கள் வீட்டுக் கதவைத்தான்.

ஒரு குமாஸ்தாவைக் கற்பனை செய்வோம். மாதச் சம்பளம் 40 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேமிப்பு 400 ரூபாய். மேலே சொன்ன மாதிரி, 100 ரூபாய் கட்டிய, 500 ரூபாய் முகமதிப்புள்ள பங்கு 200 ரூபாய்க்குச் சந்தையில் போகிறது. இரண்டு வாங்குகிறார். சேமிப்பு முடிந்தது. இரண்டு மாதத்தில் விலை 400 ஆகிறது. கையில் 800 ரூபாய் மதிப்பு. வங்கிக்குப் போகிறார். பங்கை வாங்கிக்கொண்டு பாதி மதிப்புக்குக் கடன் தருகிறார்கள், 400 ரூபாய். அதில் இன்னொரு பங்கு வாங்குகிறார். இப்போது மூன்று பங்கு, மதிப்பு 1,200. கடன் 400. நிகரம் 800. அவர் மனைவியிடம் என்ன சொல்லியிருப்பார்? "போட்ட காசு ரெட்டிப்பா ஆயிடுச்சு."

அவர் எழுதாமல் விட்ட வரி ஒன்று இருக்கிறது. மூன்று பங்குக்கும் தலா 400 ரூபாய் கட்ட வேண்டியது பாக்கி. மொத்தம் 1,200. அந்த வரியையும் சேர்த்தால் அவர் தலைமேல் நிற்கும் பொறுப்பு 1,600 ரூபாய், நாற்பது மாதச் சம்பளம். சந்தை மேலே போகும்வரை அந்த வரி கண்ணுக்குத் தெரியாது. 'கால்' வருவதற்கு முன்னால் விற்றுவிடலாம் என்பது நினைப்பு. கம்பெனி கவிழ்ந்தால் பங்கின் விலை பூஜ்யத்தோடு நிற்காது. அதை வாங்குகிறவன் அழைப்புத் தொகையையும் சேர்த்து வாங்குகிறான் என்பதால் சும்மா கொடுத்தாலும் ஆள் இருக்காது. நம் குமாஸ்தாவிடம் பங்கு மூன்றும் காகிதமாக இருக்கும். வங்கி 400 கேட்கும், லிக்விடேட்டர் 1,200 கேட்பார். 400 ரூபாய் போட்டவர் 1,600 ரூபாய் கடன்காரர்.

இது உதாரணக் கணக்கு. ஆனால் பம்பாயில் ஆயிரக்கணக்கான வீடுகளில் எண்கள் மட்டும் மாறி இதே கணக்குத்தான் ஓடியது.

இதைவிட மோசமான இன்னொரு சரக்கும் இருந்தது. முன்பேர ஒப்பந்தம். பங்கை இப்போது வாங்க வேண்டாம், 1865 ஜூலை 1-ஆம் தேதி இன்ன விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று இன்று எழுதிக் கொடுத்தால் போதும். கையில் ஒரு ரூபாய் தேவையில்லை. விற்கிறவரிடம் பங்கு இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கோட்டைப் பகுதியில் டவுன் ஹாலுக்கு எதிரே ஆலமரத்தடியில் தரகர்கள் கூடுவார்கள். 1860 வாக்கில் அறுபது பேர் போல இருந்த தரகர்கள், உச்சத்தில் இருநூறைத் தாண்டினார்கள். பெரும்பாலான பேரங்கள் ஜூலை 1-க்கு எழுதப்பட்டன. தேதி எல்லோருக்கும் தெரியும். ரகசியமே இல்லை. இதுதான் எனக்குத் தீராத ஆச்சரியம்.

போர் முடிந்தால் பருத்தி விலை விழும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். 1864-ன் பிற்பகுதியிலேயே சமாதானம் வரப்போகிறது என்ற வதந்தி லிவர்பூல் சந்தையை ஒருமுறை ஆட்டிப் பார்த்தது. அது வதந்திதான் என்று தெரிந்ததும் பம்பாயில் மூச்சு விட்டார்கள், மறுபடி ஏற்றம். அந்த அனுபவத்திலிருந்து அவர்கள் கற்றது 'இறங்கினால் வாங்கு' என்பதை. 1865 தொடக்கத்தில் வங்காளத்தில் மாதலா ஆற்றங்கரையில் துறைமுகம் கட்டப்போகும் போர்ட் கேனிங் கம்பெனியின் பங்குக்குப் பம்பாயில் அடிதடி. கல்கத்தாவுக்குத் தெற்கே சேற்று நிலத்தில் அமையப்போகும் ஒரு துறைமுகம். பங்கு வாங்கிய பம்பாய்க்காரர்களில் எத்தனை பேர் அந்த ஆற்றைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்?

1865 ஏப்ரல் 9. தென் மாநிலங்களின் தளபதி லீ சரணடைந்தார். அட்லாண்டிக் கடலடித் தந்தி அப்போது வேலை செய்யவில்லை, அது 1866-இல்தான் நிலையாக வந்தது. கப்பலில் இங்கிலாந்து போய், அங்கிருந்து தந்தியிலும் தபாலிலுமாகச் செய்தி பம்பாய்க்கு வந்து சேரச் சில வாரம் ஆனது. பருத்தி விலை சரிந்தது. பருத்தி வணிகர்களுக்குப் பணம் தேவைப்பட்டது, பங்கை விற்கப் போனார்கள். விற்க வந்தவர்கள் எல்லோரும், வாங்க யாரும் இல்லை. மே மாதமே பெரிய வியாபார வீடுகள் விழ ஆரம்பித்தன. ஆனாலும் சின்ன ஆட்கள் ஜூலை 1 வரை ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தார்கள்.

ஜூலை 1 சனிக்கிழமை வந்தது. யார் கையிலும் பணம் இல்லை.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பொறுமையாகப் பாருங்கள். விலை ஏறும் என்று எழுதிக் கொடுத்தவர் தோற்றார், சரி. விலை விழும் என்று சரியாகக் கணித்தவர் ஜெயித்திருக்க வேண்டும் அல்லவா? ஜனவரியில் ஒருவர் பேக் பே பங்கை ஜூலை 1-க்கு 40,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தார் என்று வைப்போம். ஜூலையில் சந்தையில் 5,000-க்குக் கிடைக்கிறது. 35,000 லாபம். யார் தருவது? எதிராளி திவால். அந்த எதிராளிக்குத் தர வேண்டியவரும் திவால். அ ஆவுக்கு, ஆ இக்கு, இ ஈக்கு என்று ஒரே சங்கிலி. ஒரு கண்ணி அறுந்தால் கணக்கில் ஜெயித்தவரும் தெருவுக்கு வருவார். அவருக்கு வேறு இடத்தில் கொடுக்க வேண்டிய பாக்கி இருக்குமே. பம்பாயில் சரியாகக் கணித்தவர்களும் நொடித்தார்கள். வழக்கமான திவால் நடைமுறை தாங்காமல், நொடித்தவர்களின் கணக்கை விரைவாகத் தீர்ப்பதற்கென்று அந்த வருஷமே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது.

இன்று இந்த வேலையைக் கிளியரிங் கார்ப்பரேஷன் செய்கிறது. ஒவ்வொரு பேரத்திலும் நடுவில் அது நிற்கும், மார்ஜினைத் தினமும் வசூலிக்கும். எதிராளி ஓடினாலும் உங்கள் லாபம் வந்துவிடும். நம் தலைமுறைக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் அது பேரம் முடிவதற்குத்தான் உத்தரவாதம், உங்கள் பணத்துக்கு இல்லை. செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். எங்கள் அலுவலகக் கேன்டீனில் வியாழக்கிழமைகளில் எக்ஸ்பைரி பற்றிப் பேசாத மேஜையே இல்லாத காலம் ஒன்று இருந்தது. கோடிங்கில் ஒரு சின்ன மாற்றத்துக்கு நாலு டெஸ்ட் கேஸ் எழுதுகிற ஆட்கள், ஆப்ஷன் விற்கும்போது 'அதிகபட்சம் எவ்வளவு போகும்' என்ற ஒரே ஒரு டெஸ்ட் கேஸைக்கூட எழுதிப் பார்ப்பதில்லை.

பேக் பே பங்கு 50,000-த்திலிருந்து 2,000 ரூபாய்க்கும் கீழே போனது. சரி, அது சூதாட்டப் பங்கு, பேராசைக்காரர்கள் பட்டார்கள் என்று சொல்லிவிடலாம். என்னைப் பாதித்தது வேறு ஒரு பங்கின் கதை. பாங்க் ஆஃப் பம்பாய்.

1840-இல் தொடங்கிய வங்கி. அரசாங்கமே பங்குதாரர், அரசு நியமித்த இயக்குநர்கள் உண்டு. பழைய சட்டத்தில் கடன் கொடுப்பதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள். ஷேரை ஈடாக வைத்துக் கடன் தரக் கூடாது என்ற விதியும் அதில் இருந்தது. 1863-இல் வந்த புதுச் சட்டம் அந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. மூலதனம் இரண்டு முறை பெருக்கப்பட்டு 2 கோடியைத் தாண்டியது. அவ்வளவு பணம் உள்ளே வந்தால் வெளியே கொடுக்கத்தானே வேண்டும்? பிரேம்சந்தின் சிபாரிசுச் சீட்டோடு வந்தவர்களுக்கெல்லாம் கடன். சில கடன்களுக்கு ஈடே கிடையாது. 1868-இல் விசாரித்த கமிஷன் இதையெல்லாம் விலாவாரியாக எழுதி வைத்திருக்கிறது. சட்டத் தளர்வு, வங்கிச் செயலாளரின் பலவீனம், இயக்குநர்களின் அலட்சியம், பிரேம்சந்தின் பிடி என்று.

இந்த வங்கியின் பங்கை யார் வாங்கியிருப்பார்கள்? 'எனக்கு இந்தக் கடல் தூர்க்கிற கம்பெனியெல்லாம் வேண்டாம், அரசாங்கம் இருக்கிற இடத்தில் போட்டு வைக்கிறேன்' என்று நினைத்த ஜாக்கிரதைக்காரர்களும் அதில் இருந்திருப்பார்கள். 2,850 ரூபாய் வரை போன அந்தப் பங்கு பிறகு 87 ரூபாய்க்கு விலை போனது. பேக் பேயில் போட்டவரும் பாங்கில் போட்டவரும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஏனென்றால் பாங்கின் பெட்டிக்குள் இருந்ததும் அதே மாதிரிப் பங்குகளும் அதை வாங்கியவர்களின் கைச்சீட்டும்தான். பெயரை வைத்துப் பிரித்துப் போட்டால் ரிஸ்க் பிரியாது. இன்றைக்கு ஐந்து மியூச்சுவல் ஃபண்டு வைத்திருப்பவர், அந்த ஐந்தின் முதல் பத்துப் பங்குகளை எழுதிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே பெயர்களாக இருக்க வாய்ப்பு உண்டு.

அரசாங்கப் பங்கு இருக்கிறது என்பதை மக்கள் தர முத்திரையாகப் பார்த்தார்கள். அரசு இயக்குநர்கள் கண்காணிக்க உட்கார்ந்தவர்கள். கண்காணித்தார்களா என்று யாரும் பார்க்கவில்லை.

1866 மே மாதம் லண்டனில் ஓவரெண்ட் கர்னி கவிழ்ந்து இரண்டாவது அடி விழுந்தது. 1865 கடைசியில் 'இனி இதற்குக் கீழே போகாது' என்று மலிவு விலையில் வாங்கியவர்களுக்கு இது. பிரேம்சந்தின் ஏஷியாட்டிக் பாங்கிங் கார்ப்பரேஷனும் அந்த வருஷம் போய்ச் சேர்ந்தது. நுஸர்வான்ஜி டாடாவின் வியாபார வீடும் இந்தச் சரிவில் மாட்டியது. மகன் ஜம்ஷெட்ஜி அப்போது லண்டனில். கையில் இருந்த உண்டியல்கள் செல்லாக் காசாயின. கடன்காரர்களிடம் கணக்கை ஒளிக்காமல் காட்டினார், அவர்கள் அவரையே கணக்குத் தீர்க்கும் பொறுப்பில் வைத்தார்கள். குடும்பம் நிமிர்ந்தது 1868 அபிசீனியப் படையெடுப்புக்குச் சரக்கு சப்ளை செய்யும் ஒப்பந்தம் கிடைத்த பிறகுதான். எல்லாக் குடும்பத்துக்கும் அபிசீனியா கிடைக்கவில்லை. 1872 கணக்கெடுப்பில் பம்பாய் ஜனத்தொகை 6,44,405. எட்டு வருஷத்தில் 1,72,000 பேர் குறைந்திருந்தார்கள். வேலை தேடி வந்தவர்கள் வேலை இல்லாமல் ஊர் திரும்பியதும் அதில் அடக்கம். ஷேர் வாங்காதவர்களையும் இது விட்டுவைக்கவில்லை.

பிரேம்சந்த் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். எல்லாம் இழந்தார், பிறகு மெல்ல வியாபாரத்துக்குத் திரும்பினார், 1906 வரை இருந்தார். நல்ல காலத்தில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்துக்கு அவர் கொடுத்த பணத்தில் எழுந்ததுதான் ராஜாபாய் மணிக்கூண்டு. ராஜாபாய் அவர் அம்மா பெயர். 1878-இல் கட்டி முடிந்தது. ஏற்றத்தில் ஊரே அவரைக் கும்பிட்டது, இறக்கத்தில் ஊரே சபித்தது. இரண்டிலும் கொஞ்சம் மிகை இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அவர் யாரையும் கையைப் பிடித்து இழுத்துப் போய் வாங்க வைக்கவில்லை. ஆனால் தன் பெயர் ஒரு சீட்டில் இருந்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

பாங்க் ஆஃப் பம்பாய் கலைக்கப்பட்டு 1868-இல் புது வங்கியாக மறுபடி பிறந்தது. 1921-இல் அது வங்காள, சென்னை வங்கிகளோடு சேர்ந்து இம்பீரியல் பாங்க் ஆனது. 1955-இல் அதுதான் ஸ்டேட் பாங்க். தரகர்கள் 1875-இல் ஒரு சங்கம் வைத்தார்கள், நுழைவுக் கட்டணம் ஒரு ரூபாய். அதுதான் இன்றைய பம்பாய்ப் பங்குச் சந்தை.

பேக் பே கம்பெனியும் கலைக்கப்பட்டது. அது தூர்த்து வைத்த கரையோரத் துண்டு அரசின் கைக்குப் போய், ரயில் பாதைக்கு இடமானது. இன்று சர்ச்கேட்டுக்கு மின்சார ரயில் வருகிற வழி அதன் மேல்தான். மரைன் டிரைவ் பக்கத்து நிலம் எழுந்தது 1920-களில் தொடங்கிய வேறொரு திட்டத்தில், அரசுப் பணத்தில். அந்தத் திட்டமும் சொன்ன செலவில் முடியவில்லை, அது தனிப் பதிவுக்கான கதை.